மே 14, மே 15

ஆண்டுதோறும் மே மாதத்தின் நடுப்பகுதியில் ரொறன்ரோவிலிருந்தும் பாரிசிலிருந்தும் இலண்டனிலிருந்தும் தீவகத்து ஊர்ச் சங்கங்களின் அறிக்கைகள் வரும். குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கான அஞ்சலி அறிக்கைகள் அவை. நெடுந்தீவில் நினைவுச்சின்னத்தின் முன் விளக்கேற்றப்படும், மலர் தூவப்படும். இவ்வறிக்கைகளைச் செய்தி மேசையில் இருந்தபடி பல ஆண்டுகள் வாசித்திருக்கிறேன். செம்மைப்படுத்தி அச்சுக்கும் அனுப்பியிருக்கிறேன். அவற்றில் சொல்லப்படும் கொடுமை உண்மையானது. சொல்லாமல் விடப்படும் ஒன்றைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறேன். சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புலம்பெயர் நாடுகளில் பிறந்த இளையோர் பலருக்கு இது தெரியாது.

1985 மே 15 காலை, நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினி என்னும் பயணிகள் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. படகில் இருந்தவர்கள் ஆசிரியர்கள், அரசாங்க ஊழியர்கள், பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். ஏறியவர்கள் கடற்படையினர் என்பது தப்பிப் பிழைத்தோரின் சாட்சியம். பயணிகளை ஒருவர் பின் ஒருவராக அழைத்துக் கத்தியாலும் கோடாரியாலும் வெட்டினார்கள். இறந்தோர் ஆகக் குறைந்தது 23 பேர் என்பது ஒரு கணக்கு. 36 பேர் என்பது நெடுந்தீவு மக்கள் சொல்லும் கணக்கு. கைக்குழந்தையும் அதில் அடக்கம். இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இனி, அறிக்கைகள் சொல்லாமல் விடும் செய்தி. அதற்கு முதல் நாள், 1985 மே 14 அன்று, விடுதலைப் புலிகள் ஒரு பேருந்தைக் கடத்திக்கொண்டு அநுராதபுரத்துக்குள் நுழைந்தார்கள். பேருந்து நிலையத்தில் நின்றவர்களைச் சுட்டார்கள். அங்கிருந்து ஸ்ரீ மகாபோதிக்குச் சென்று அரச மரத்தடியில் வழிபட்டுக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். பிக்குகளும் பிக்குணிகளும் இறந்தார்கள். திரும்பும் வழியில் வில்பத்து வனத்திலும் கொன்றார்கள். மொத்தம் 146 பேர். அதற்குச் சில நாள்களுக்கு முன்னர் வல்வெட்டித்துறையில் இராணுவம் சுமார் 70 தமிழரைக் கொன்றிருந்தது. அநுராதபுரம் அதற்கான பதிலடி என்றார்கள். குமுதினி அநுராதபுரத்துக்கான பதிலடி என்றார்கள். அதற்குப் பின் வந்தவற்றுக்கும் இதே விளக்கம்தான் வழங்கப்பட்டது.

தென்னிலங்கையில் மே 14 நினைவில் இருக்கிறது. மே 15 என்றால் என்னவென்று தெரியாது. நம்மிடம் மே 15 இருக்கிறது. மே 14ஐக் கிழித்து எறிந்துவிட்டோம். ஒரே வாரத்தில், ஒரே வன்மத்தில் விளைந்த இரண்டு நாள்களை இரண்டு மக்கள் கூட்டங்கள் ஆளுக்கொன்றாகப் பங்கிட்டு வைத்திருக்கின்றன. மதத்தின் பெயராலும் இனத்தின் பெயராலும் கொல்பவனுக்கு இந்தப் பங்கீட்டைவிட உவப்பானது வேறில்லை என்பதே என் வாதம்.

பதிலடி என்ற சொல்லைச் சற்று நின்று பாருங்கள். வல்வெட்டித்துறையில் சுட்ட சிப்பாயைத் தேடிப்பிடித்துச் சுட்டிருந்தால் அதைப் பழிவாங்கல் எனலாம். மகாபோதியின் நிழலில் கும்பிட்டு நின்ற கிழவிக்கும் அந்தச் சிப்பாய்க்கும் என்ன தொடர்பு? அநுராதபுரத்தில் சுட்டவனுக்கும், குறிகட்டுவானில் இறங்கி யாழ்ப்பாணம் போகவிருந்த நெடுந்தீவு ஆசிரியருக்கும் என்ன தொடர்பு? பிறப்பு என்ற ஒன்றைத் தவிர எதுவுமில்லை. பிறப்பால் ஒருவன் குற்றவாளி என்று கருதுவதற்கு உலக மொழிகள் அனைத்திலும் ஒரே பெயர்தான் உண்டு: இனவெறி. அதைச் செய்தவர் சீருடை அணிந்திருந்தாரா, கழுத்தில் குப்பி கட்டியிருந்தாரா என்பதால் பெயர் மாறிவிடாது.

எங்கள் தொழிலில் ஒரு சொல் உண்டு. "இனந்தெரியாதோர்." போர்க்காலம் முழுவதும் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளின் முதற்பக்கத்தில் இந்தச் சொல் இல்லாத நாள் குறைவு. இனந்தெரியாதோரால் சுட்டுக்கொலை, இனந்தெரியாதோரால் கடத்தல். கொன்றவர் யார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கும். எழுதினால் அடுத்த நாள் நாமே செய்தியாகிவிடுவோம் என்பதால் இந்தச் சொல்லுக்குள் ஒதுங்கினோம். 2000 ஒக்டோபர் 19இல் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜன், அந்த மாதம் நடந்த பொதுத்தேர்தலில் தீவகத்தில் நடந்த முறைகேடுகளை வெளிக்கொணர்ந்தவர். அவரைக் கொன்றவர்களும் ஏட்டில் இனந்தெரியாதவர்களாகவே இருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால் எத்தனை விசித்திரம்! கொலையுண்டவரின் இனம் மட்டும் எப்போதும் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது.

சரி, இனம் புரிகிறது, இதில் மதம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. வாருங்கள், நயினாதீவுக்குப் போவோம்.

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து சிறிது நேரப் படகுப் பயணம். ஒரே படகில் வெள்ளுடை உடுத்த சிங்கள யாத்திரிகர்களும், அருச்சனைத் தட்டுடன் தமிழ்ப் பெண்களும் அருகருகே இருப்பார்கள். ஒரு கரையில் நாகபூசணி அம்மன் கோயில். சற்றுத் தள்ளி நாக விகாரை. இத்தீவு இலங்கைப் பௌத்தருக்கு ஏன் புனிதமானது? மகாவம்சத்தின் முதல் அதிகாரம் விடை சொல்கிறது. மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருமகனும், ஒரு மணி ஆசனத்துக்காகப் படை திரட்டி நின்றார்கள். புத்தர் வந்து போரை நிறுத்தினார். ஆசனத்தை அவர்கள் அவருக்கே அளித்துவிட்டார்கள். நம்முடைய மணிமேகலையும் மணிபல்லவத்தில் ஏறத்தாழ இதே கதையைச் சொல்கிறது. மணிபல்லவம் நயினாதீவே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஆக, இரு மொழிகளிலும் இந்த மரபுக்குரிய பெருமை ஒன்றுதான்: உறவினர் இருவர் ஓர் இருக்கைக்காகச் செய்யவிருந்த கொலை இங்கே நிறுத்தப்பட்டது.

அதே மகாவம்சத்தின் 25ஆம் அதிகாரத்துக்குப் போனால் வேறொரு கதை. எல்லாளனை வென்ற துட்டகைமுனு, கொன்று குவித்தவர்களை எண்ணி உறக்கமின்றித் தவிக்கிறான். எட்டு அரகந்தர்கள் வந்து ஆறுதல் சொல்கிறார்கள். நீ கொன்றது ஒன்றரை மனிதரை மட்டுமே. மும்மணிகளைச் சரணடைந்த ஒருவன், ஐந்து சீலங்களை ஏற்ற இன்னொருவன். ஏனையோர் விலங்குகளுக்கு ஒப்பானவர்கள் என்பது அந்த ஆறுதலின் சாரம். அவர்கள் புறப்பட்டு வந்த இடம் பியங்குதீபம் என்கிறது நூல். அது நம்முடைய புங்குடுதீவே என்று அடையாளம் காண்போரும் உள்ளனர். போரை நிறுத்திய புத்தரும், கொலையை மன்னித்த துறவிகளும் ஒரே நூலில், அயல் தீவுகளில்!

இது மகாவம்சத்தைப் பழிப்பதற்காக எழுதப்படுவதன்று. அதே நூல்தான் எல்லாளன் நீதி தவறாதவன் என்றும், அவனுக்கு எழுப்பிய நினைவிடத்தை மதிக்குமாறு துட்டகைமுனு ஆணையிட்டான் என்றும் சொல்கிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைமையான நூலில் எல்லாம் இருக்கும். எந்த அதிகாரத்தை எந்தக் காலத்தில் எவர் உரக்க வாசிக்கிறார் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் 25ஆம் அதிகாரத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். முதல் அதிகாரத்தை யாத்திரைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சான்றும் நயினாதீவில் இருக்கிறது. நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள 12ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு. பொறித்தவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பொறித்த மொழி தமிழ். பேராசிரியர் கா. இந்திரபாலா 1960களில் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசிகள் பாதுகாக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. சிங்கள நாட்டு வேந்தன் ஒருவன் தமிழில் எழுதி, அந்நியரின் உயிரையும் உடைமையையும் காக்கச் சொன்ன கடற்கரையில், எண்ணூறு ஆண்டுகள் கழித்து, அந்த நாட்டின் கடற்படை சொந்த நாட்டுப் பயணிகளை வெட்டிக் கடலில் விட்டது. வரலாற்றை ஒரு பாடமாகக் கற்றவன் என்ற முறையில் இதைவிடக் கூரிய வெட்கத்தை நான் கண்டதில்லை.

25ஆம் அதிகாரத்தை வாசித்தவர்கள் எதைச் சாதித்தார்கள்? 1915இல் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம். 1956இல் தனிச் சிங்களச் சட்டம். 1957 ஜூலையில் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தத்தை, 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் அமர்ந்து கிழிக்கவைத்தார்கள். அடுத்த மாதமே இனக்கலவரம். பாணந்துறையைச் சேர்ந்த சிங்கள ஆசிரியை ஒருவரை மட்டக்களப்பில் தமிழர் கோரமாகக் கொன்றுவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. அப்படியோர் ஆசிரியை இருக்கவேயில்லை. ஆனால் பாணந்துறைக் கோயிலின் பூசகர் உயிரோடு எரிக்கப்பட்டது உண்மை. பத்திரிகையாளர் தார்சி வித்தாச்சி இதையெல்லாம் "எமெர்ஜென்சி 58" என்ற நூலில் பதிவுசெய்தார்; அந்த நூல் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. 1959 செப்ரெம்பரில் பண்டாரநாயக்கா சுடப்பட்டார். சுட்டவர் தல்துவே சோமராம என்ற பிக்கு. சூழ்ச்சியின் தலைவராக நீதிமன்றம் கண்டது, 1956 தேர்தலில் அவருடைய வெற்றிக்காகப் பாடுபட்ட களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித்தவை. தமிழரை அடக்கவென்று அவிழ்த்துவிடப்பட்ட வெறி, அவிழ்த்துவிட்டவரையே மூன்றாண்டுகளில் பலிகொண்டது.

1958இல் நயினாதீவிலும் ஒன்று நடந்தது. தெற்கில் தமிழர் தாக்கப்பட்ட செய்தி வந்ததும், நம்மவர்கள் நாக விகாரையைத் தாக்கினார்கள். இச்செய்தி தெற்கில் பரவினால் மேலும் தமிழர் சாவார்கள் என்று அஞ்சிய அரசாங்கம், ஓசையில்லாமல் விகாரையைச் சீர்செய்தது. பின்னர் 1986 மார்ச்சில், அதே தீவில், நாகபூசணி அம்மன் கோயில் படையினரால் தாக்கப்பட்டுச் சேதமுற்றது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் தீவக வரலாற்று நூல்கள் எத்தனை? இரண்டாவதைப் பற்றி விரிவாக எழுதியவர்கள் முதலாவதை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

இங்கேதான் நம் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. தமிழர் அரசியல் மதச்சார்பற்றது, ஆகவே மதத் தீவிரவாதம் நமக்குப் புறம்பானது என்பது நம்மிடையே மிகவும் செல்வாக்குள்ள நம்பிக்கை. அதற்கு ஓர் அடிப்படை உண்டு. பெரும்பான்மைச் சைவர்கள் கிறிஸ்தவரான செல்வநாயகத்தைத் தந்தை என்று அழைத்தார்கள். அது பெருமைக்குரியதுதான். ஆனால் 1990ஐ என்ன செய்வது?

1990 ஓகஸ்ட் 3 இரவு, காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற 100க்கு மேற்பட்டோர் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபர் மாதம் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை உஸ்மானியாக் கல்லூரிப் பக்கம் உள்ள ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணி நேரத்தில் போய்விடச் சொன்னார்கள். நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சோனகத் தெரு ஒரு பிற்பகலில் வெறுமையாயிற்று.

இவர்கள் யார்? தமிழ் பேசுபவர்கள். தமிழில் படித்தவர்கள், தமிழில் கனவு கண்டவர்கள். மொழிதான் தமிழ்த் தேசியத்தின் அடித்தளம் என்றால், வெளியேற்றப்பட்டவரையும் வெளியேற்றியவரையும் அந்த மொழியால் பிரிக்க முடியாது. பிரித்த கோடு ஒன்றே ஒன்று: ஒருவர் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போனார், மற்றவர் பள்ளிவாசலுக்குப் போனார். மதச்சார்பற்றது என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் இயக்கம், மதத்தை மட்டுமே அளவுகோலாக வைத்து ஒரு மக்கள் கூட்டத்தை வேரோடு பிடுங்கியது. இதற்கு மதத் தீவிரவாதம் என்று பெயரிடாவிட்டால், அந்தச் சொல்லை வேறு எவர்மீதும் எறியும் தகுதி நமக்கு இல்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் மாநாட்டில் புலிகளே இதற்கு வருத்தம் தெரிவித்தார்கள். அதற்குப் பின்னரும், இது இனச்சுத்திகரிப்பு என்று எம். ஏ. சுமந்திரன் சொன்னபோது அவர்மீது பாய்ந்தவர்கள் நம்மவர்களே. இயக்கம் இறங்கிவந்த படியிலிருந்து ஆதரவாளர்கள் இறங்கிவர மறுக்கிறார்கள்.

1990இலும் நாம் தொடங்கவில்லை. 1544இல் மன்னாரில் கத்தோலிக்கராக மதம் மாறிய 600க்கும் மேற்பட்டோரைக் கொல்வித்தவன் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி. போர்த்துக்கேயரின் ஆதிக்கத்துக்கு அஞ்சி எடுத்த அரசியல் முடிவு என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இருக்கலாம். வெட்டப்பட்டவர்கள் போர்த்துக்கேயர் அல்லர், ஏழைத் தமிழர்கள். பின்னர் போர்த்துக்கேயர் வந்து யாழ்ப்பாணத்துக் கோயில்களை இடித்தார்கள். நயினாதீவுக் கோயிலும் தப்பவில்லை. மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதையைப் பெரியபுராணம் பாடுகிறது. அது உண்மையில் நடந்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. நடக்காமலே இருந்தாலும், நடந்ததாகச் சொல்லிப் பெருமைப்பட்டோம் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று விடுவதற்கும் வழியில்லை. 2016 ஒக்டோபரில் வவுனியாவில் சிவசேனை என்ற பெயரில் ஓர் அமைப்புத் தொடங்கப்பட்டது. மதமாற்றத்துக்கு எதிராக, மாட்டிறைச்சிக்கு எதிராக என்று அதன் குரல் வடக்கில் ஒலிக்கிறது. இந்த அமைப்பு எவரையும் கொல்லவில்லை. அவர்களைப் பயங்கரவாதிகள் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் வடக்கு இந்துக்களின் பூமி என்ற வாசகத்தின் இலக்கணத்தை நான் நன்கறிவேன். இலங்கை பௌத்தரின் பூமி என்ற வாசகத்தில் ஒரு சொல்லை மாற்றினால் இது கிடைக்கும். முன்னதைக் கேட்டுக் கொதிப்பவர்கள் பின்னதைக் கேட்டு ஏன் புன்னகைக்கிறார்கள்? நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் பெருந்தொகையாக வாழும் கத்தோலிக்கத் தமிழர்கள் இந்தப் பூமியில் யார்? 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டி பிலிப்பு நேரியார் தேவாலயத்தில் தஞ்சமடைந்தவர்கள் மீது எறிகணை விழுந்தபோது, காயப்பட்டவர்களைக் காப்பாற்றப் போராடியவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுன் அடிகளார். சில நாள்களில், ஓகஸ்ட் 20 அன்று, அவரும் உடன் சென்ற ஒருவரும் அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச் சாவடிப் பக்கம் காணாமல் ஆக்கப்பட்டார்கள். அவர் யாருடைய பூமிக்காகக் காணாமற் போனார்?

முஸ்லிம் சமூகத்தின் கதையும் இதே வழியில்தான் போயிற்று. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, தற்கொலைக் குண்டுதாரிகள் 260க்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் தமிழ்ச் சிறுவர்கள். தலைமை தாங்கிய சஹ்ரான் காசிம் முதலில் கைவைத்தது கிறிஸ்தவர்மீது அன்று. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்கள்மீதே அவனுடைய ஆட்கள் வாளெடுத்தார்கள். முஸ்லிம்கள் அப்போதே அதிகாரிகளிடம் முறையிட்டார்கள், கேட்பாரில்லை. கேட்க வேண்டியவர்கள் அந்த ஆண்டுகளில் பொது பல சேனாவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2014இல் அளுத்கமையும் 2018இல் திகனையும் எரிந்தன. நீதிமன்றத்தை அவமதித்ததற்காக 2018இல் ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்ற ஞானசார தேரர், உயிர்த்த ஞாயிறு நடந்து ஒரு மாதம் கழிந்த நிலையில் ஜனாதிபதியின் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். 2021இல், ஒரே நாடு ஒரே சட்டம் என்ற செயலணிக்கு அவரே தலைவரானார். மறுபுறம், மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னப் ஜஸீம் "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை வெளியிட்டதற்காக 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. வெறுப்பைப் போதித்தவருக்குச் செயலணி. வெறுப்பைக் கண்டித்து எழுதியவருக்குச் சிறை. 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டத்தின் சாதனை இது.

இந்த வரலாற்றில் மூன்று செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, வெறியன் தன் சொந்த மக்களிடமிருந்தே தொடங்குகிறான், அல்லது அவர்களிடமே வந்து முடிகிறான். பண்டாரநாயக்காவைப் பிக்கு கொன்றார். சஹ்ரான் சூஃபிகளைத் தாக்கினான். தமிழ் இயக்கங்கள் கொன்ற தமிழர்களை எண்ணத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது. ஊர்காவற்றுறை நாரந்தனையில் 2001 நவம்பர் 28 அன்று தேர்தல் பரப்புரைக்குச் சென்ற தமிழர்களைத் தாக்கிக் கொன்றவர்களும் தமிழர்களே.

இரண்டாவது, தண்டனை இல்லாத குற்றம் குட்டிபோடும். 1985இல் குமுதினி விசாரிக்கப்பட்டு நான்கு பேராவது சிறை சென்றிருந்தால், 1990 ஓகஸ்டில் மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் இளைஞர்களைப் பிடித்துச் சென்றவர்களின் கை கொஞ்சமாவது நடுங்கியிருக்கும். 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் புளியங்கூடலிலும் வேலணையிலும் நாலு மாதக் குழந்தை உட்பட 13 பேரைச் சுட்டவர்களின் கையும் நடுங்கியிருக்கும். நாரந்தனைக் கொலைக்கு 2016இல் யாழ். மேல் நீதிமன்றம் மரண தண்டனைத் தீர்ப்பு வழங்கியது. தமிழர் தமிழரைக் கொன்ற வழக்குக்குப் பதினைந்து ஆண்டுகளிலாவது தீர்ப்பு வந்துவிட்டது. குமுதினிக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது, வெறி ஒருபோதும் தன்னைத் தாக்குபவனாகக் கருதிக்கொள்வதில்லை. தான் முற்றுகையில் இருப்பதாகவே நம்புகிறது. எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட சிங்களவர், தமிழ்நாட்டையும் சேர்த்து எண்ணித் தாம் சிறுபான்மை என்கிறார்கள். 2011 ஜூலை 22இல் நோர்வேயில் 77 பேரைக் கொன்றவனும் ஐரோப்பா முற்றுகையிடப்பட்டுள்ளதாகவே எழுதினான். அவன் சுட்டது உத்தோயா என்னும் சிறு தீவில் கூடிய இளைஞர் முகாமில். அங்கிருந்து கடுங்குளிர் நீரில் குதித்து நீந்தித் தப்பியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரத்தினம். பின்னர் ஒஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நாடாளுமன்றம் சென்றார். 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் நோர்வேக் கொலைகாரனைத் தன் முன்னோடியாகச் சொன்னான். வாசகர்களே, நீங்கள் இன்று வாழும் நாடுகளில் அந்த வெறியின் இலக்கு நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான். அங்கே ஒவ்வொரு புலம்பெயர்ந்தவரையும் ஒரே உடலின் உறுப்பாகப் பார்க்கும் கண், மே 14இலும் மே 15இலும் கொன்றவர்களுடைய கண்ணே.

எனக்கு வரப்போகும் மறுப்புகளை அறிவேன். "அரச பயங்கரவாதத்தையும் விடுதலைப் போராட்டத்தையும் சமப்படுத்துகிறீர்" என்பார்கள். சமப்படுத்தவில்லை. அரசுக்குச் சட்டமும் நீதிமன்றமும் வரிப்பணமும் விமானமும் இருந்தன. தன் குடிமக்களைக் காப்பது அதன் கடமை. 1995 ஜூலை 9இல் நவாலித் தேவாலயத்தில் குண்டு வீசியது அந்தக் கடமையை ஏற்ற அரசு. அதன் குற்றம் பெரியது, நீண்டது, இன்னும் தீர்க்கப்படாதது. எனினும், பெரிய குற்றம் ஒன்று இருப்பதால் சிறிய குற்றம் இல்லாமற் போவதில்லை. 146 பேரை எந்தத் தராசிலும் சிறிது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. "எதிரிக்கு வாய்ப்பளிக்கிறீர்" என்பார்கள் வேறு சிலர். எதிரிக்கு வாய்ப்பளிப்பது நம் மௌனம். நாம் சர்வதேச விசாரணை கோரி ஜெனீவா செல்லும்போதெல்லாம், மறுதரப்பு கையில் எடுத்துச் செல்லும் பட்டியலில் முதலில் இருப்பவை மகாபோதியும் காத்தான்குடியும் அரந்தலாவையில் 1987இல் கொல்லப்பட்ட 33 பிக்குகளும்தான். அந்தப் பட்டியலை நாமே வாசித்துவிட்டால் அவர்கள் கையில் எதுவும் மிஞ்சாது.

தென்னிலங்கையிலும் தமிழ் வாசிக்கத் தெரிந்த சிலர் இப்பக்கத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் ஒரு சொல். நயினாதீவுக்கு வெள்ளுடை உடுத்து வரும்போது, நீங்கள் கடக்கும் அந்தத் தீவகக் கடலில் 1985 மே 15இல் என்ன நடந்தது என்று உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மகாவம்சத்தின் முதல் அதிகாரத்தை நம்பித்தான் வருகிறீர்கள் என்றால், அதைச் சொல்வது உங்கள் யாத்திரையின் ஒரு பகுதி.

தீவகத்து ஊர்ச் சங்கங்களிடம் என் கோரிக்கை சிறியது. அடுத்த மே 15 அறிக்கையில் ஒரு வரி கூட்டுங்கள்: "இதற்கு முதல் நாள் அநுராதபுரத்தில் கொல்லப்பட்ட 146 பேருக்கும் எமது அஞ்சலி." அந்த ஒரு வரியால் குமுதினியில் இறந்தவர்களின் துயரம் ஓர் அணுவும் குறையாது. நீதி கேட்கும் குரலின் வலுவும் குறையாது. ஒக்டோபர் 30 வரும்போது, பாரிசிலும் ரொறன்ரோவிலும் உள்ள தமிழ் மண்டபம் ஒன்றையாவது வடக்கு முஸ்லிம்களின் நினைவுக்கூட்டத்துக்குத் திறந்துவிடுங்கள். மண்டப வாடகை பெரிதாக இராது.

அறிக்கையில் அந்த வரி இருக்கிறதா என்று வரும் மே மாதம் பார்ப்பேன். இருந்தால் அந்தச் சங்கத்தின் பெயரை இங்கே முதலில் எழுதுவேன்.